5090 லேப்டாப் கைக்கு வந்துவிட்டது, திருப்பி அனுப்ப 10 நாள் இருக்கிறது: எதையெல்லாம் சோதிப்பது?

கரிச்சான்:
வணக்கம் நண்பர்களே. பல வருடமாக டெஸ்க்டாப்பிலேயே விளையாடியவன் நான். இப்போது மாதத்தில் பாதி நாள் வெளியில் தங்க வேண்டிய வேலை. அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு 16 அங்குல லேப்டாப் ஒன்றை வாங்கிவிட்டேன். ஆர்டிஎக்ஸ் 5090 ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்), இன்டெல் கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸ் சிபியு, 32 ஜிபி ராம், 2560×1600 ஓலெட் திரை, 240 ஹெர்ட்ஸ், 330 வாட் சார்ஜர். தயாரித்தவர் யார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் இது ரசிகர் சண்டையாகிவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் ஒரு பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓட்டினேன். மதிப்பெண் பிரமாதம். ஆனால் விளையாட உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு போகிறது, அப்புறம் அவ்வப்போது ஒரு சின்ன உதறல். என் மனப்பிரமையா, மெஷினில் குறையா என்று புரியவில்லை. திருப்பி அனுப்பக் கொடுத்த 10 நாளில் 2 நாள் போயாயிற்று. எதை, எப்படி, எந்த வரிசையில் சோதிப்பது?

வெப்பமானி:
முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். லேப்டாப் 5090க்கும் டெஸ்க்டாப் 5090க்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப்பில் இருப்பது ஜிபி202 சிப்: 21,760 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்), 32 ஜிபி நினைவகம், 575 வாட். உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஜிபி203: 10,496 கோர்கள், 24 ஜிபி. ஒரு படி கீழே உள்ள டெஸ்க்டாப் 5080 எந்தச் சிப்பில் செய்யப்பட்டதோ அதே சிப். சரியாகச் சொன்னால் டெஸ்க்டாப் 5080ல் 10,752 கோர்கள், உங்களுடையதைவிடக் கொஞ்சம் கூடவே. அது 360 வாட் குடிக்கும், உங்களுடையதுக்கு உச்சமே 175.

அந்த 175ம் முழுதாக உங்களுக்குச் சொந்தமில்லை. லேப்டாப் 5090க்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பு 95 முதல் 150 வாட். அதற்குள் எங்கே நிறுத்துவது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் விருப்பம். அதற்கு மேல் ஒரு 25 வாட் இருக்கிறது, டைனமிக் பூஸ்ட் என்பார்கள். சிபியு சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து எடுத்து ஜிபியுவுக்குக் கொடுப்பது. சிபியு விழித்துக்கொண்டால் அந்த 25 திரும்பப் போய்விடும்.

ஆகவே முதல் வேலை: என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவது: மூன்று நிமிட பெஞ்ச்மார்க்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மூன்று நிமிடத்தில் ஹீட்சிங்க் (சிப்பின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகப் பகுதி) சூடே ஆகியிருக்காது. சிபியுவையும் ஜிபியுவையும் சேர்த்து வாட்டுகிற விளையாட்டு ஒன்றை முழு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பின்னணியில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருக்கட்டும். மேசை மேல் வைத்து, சார்ஜரில் போட்டு, ஃபேன் பயன்முறையை உச்சத்தில் வைத்து. கட்டில் மெத்தை வேண்டாம்.

தூங்காதவன்:
ஆள் பாதி, ஸ்டிக்கர் பாதி.

கரிச்சான்:
ஓட்டிப் பார்த்தேன். கன்ட்ரோல் பேனலில் 175 என்று இருக்கிறது, அதில் குறையில்லை. அரை மணி நேரக் கதை இது:

முதல் ஐந்து நிமிடம் ஜிபியு 170 வாட்டுக்கு மேல். சராசரி நொடிக்கு 118 ஃப்ரேம். பன்னிரண்டாவது நிமிடம் வாக்கில் 150க்கு வந்தது. இருபதுக்கு அப்புறம் 138, 140 என்று ஊசலாடியது. கடைசி ஐந்து நிமிடச் சராசரி 101 ஃப்ரேம். சிபியு வெப்பம் 105 டிகிரியைத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது. ஃபேன் சத்தம் போன் செயலியில் 54 டெசிபல் (போனின் மைக்கை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள்).

118லிருந்து 101 என்பது அப்படி ஒன்றும் மோசமில்லையே, உதறல் ஏன் இவ்வளவு தெரிகிறது?

ஃப்ரேம் கணக்கன்:
சராசரியைப் பார்த்தால் உதறல் தெரியாது. நூறு ஃப்ரேமில் 98 சரியாக வந்து இரண்டு மட்டும் தாமதமானாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும், கண் மட்டும் அந்த இரண்டைப் பிடித்துக்கொள்ளும். '1 சதவீத லோ' என்று ஓர் அளவு இருக்கிறது, மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃப்ரேம்களைக் கொண்டு கணக்கிடுவது. அதைப் பதிவு செய்து முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. ஃப்ரேம் ஜெனரேஷன் ஓடுகிறதா? ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஆர்டிஎக்ஸ் 50 தலைமுறையில் விளையாட்டு வரைந்த ஒரு ஃப்ரேமுக்குப் பல ஃப்ரேம்களை அது தானாக இட்டு நிரப்பும். விளையாடும்போது வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்துக்கொள்கிறேன். அளக்கும்போது வேண்டாம். பாதிக்கு மேல் கற்பனையான எண்ணை வைத்துக்கொண்டு மெஷினுக்கு ஜாதகம் கணிக்க முடியாது.

கரிச்சான்:
ஓடிக்கொண்டுதான் இருந்தது, வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். சராசரி 88லிருந்து 79. நீங்கள் சொன்ன 1 சதவீத லோ 66லிருந்து 38.

ஃப்ரேம் கணக்கன்:
66லிருந்து 38. உங்கள் உதறல் அங்கேதான் இருக்கிறது, மனப்பிரமை இல்லை. ஜிபியு கொஞ்சம் வாட் இழந்தால் சராசரி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். லோ இப்படிச் சரிந்தால் பெரும்பாலும் சிபியுதான் மூச்சுவாங்குகிறது.

வெப்பமானி:
கணக்கன் சொல்வது சரி. இப்போது குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். 175லிருந்து 150க்கு இறங்கியதில் தப்பே இல்லை, அது டைனமிக் பூஸ்ட் திரும்பப் போனது. 150க்குக் கீழே 138 ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. மூன்று பேர் மேல் சந்தேகம்.

சார்ஜர்: இந்தச் சிபியு அடிப்படையில் 55 வாட், உச்சத்தில் 160 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல்லே சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் 335. அதன் மேல் திரை, ஃபேன், எஸ்எஸ்டி, மின்மாற்றத்தில் வீணாவது. 330 வாட் சார்ஜர் தாங்காது. அதனால்தான் மெஷினே இரண்டையும் சேர்த்து ஒரு மொத்த வரம்பு வைத்திருக்கும். சார்ஜர் போதவில்லை என்றால் ஓர் அடையாளம் உண்டு: சார்ஜரில் போட்டிருக்கும்போதே பேட்டரி சதவீதம் மெல்ல மெல்ல இறங்கும். பார்த்தீர்களா?

மென்பொருள் வரம்பு: எச்டபிள்யூஇன்ஃபோவில் வேகம் ஏன் குறைக்கப்பட்டது என்று காரணம் காட்டும் வரிகள் இருக்கும். பவர் என்று காட்டுகிறதா, தெர்மல் (வெப்பம்) என்று காட்டுகிறதா?

மூன்றாவது கூலிங். இந்த மாதிரி மெஷின்களில் பெரும்பாலும் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் பொதுவாக, வெப்பத்தைக் கடத்திச் செல்லும் ஹீட்பைப்போ வேப்பர் சேம்பரோ இருக்கும். ஒன்று கொதித்தால் பக்கத்து வீட்டுக்காரனும் வியர்ப்பான்.

கரிச்சான்:
பேட்டரி 100லேயே நிற்கிறது. காரணம் தெர்மல்.

தூங்காதவன்:
அப்படியானால் நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மெஷினில் சிபியு மேல் லிக்விட் மெட்டலா?

கரிச்சான்:
ஆமாம், பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறது.

தூங்காதவன்:
அது கேலியம் கலந்த உலோகக் கலவை, அறை வெப்பத்திலேயே திரவமாக இருப்பது. சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவும் சாதாரண பேஸ்ட்டைவிட வெப்பத்தைப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். கூடவே மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். அதனால் சுற்றி அணை கட்டி வைப்பார்கள். சிக்கல் என்னவென்றால் திரவம் திரவம்தான். தடவியது சீராக இல்லையென்றாலோ, ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலோ, சிப்பின் ஒரு மூலை காய்ந்து கிடக்கும். என் பழைய மெஷினில் ஒன்றரை வருடத்தில் இதுதான் நடந்தது. எட்டு கோரில் ஒன்று மட்டும் 100ல் கொதிக்க, மற்றவை 80ல் நிம்மதியாக இருந்தன. சர்வீஸ் சென்டரில் "விளையாட்டு லேப்டாப் என்றால் சூடாகத்தான் இருக்கும் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நானே கழற்றி, கறுத்துப்போன மூலையைப் பார்த்து, துடைத்துவிட்டு ஃபேஸ் சேஞ்ச் பேட் வைத்தேன். ஹனிவெல்லின் பிடிஎம்7950. 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளியை நிரப்பிக்கொள்கிற வகை, பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஒதுங்கிப் போகாது. அதற்குப் பிறகு அந்த மெஷின் முனகவே இல்லை.

ஒவ்வொரு கோரின் வெப்பத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். 275எச்எக்ஸில் 8 பெரிய கோர், 16 சின்ன கோர். பெரிய கோர்களுக்குள் சில டிகிரி வித்தியாசம் சகஜம். எல்லாம் சேர்ந்து சூடானால் அது டிசைன். ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கொதித்தால் அது தடவியவர் கைவேலை.

கரிச்சான்:
அண்ணா, பிடித்துவிட்டீர்கள். பெரிய கோர்களில் இரண்டு 105, அவற்றுக்கு அடுத்தது 91, மற்றவை 84 முதல் 87 வரை.

தூங்காதவன்:
இந்த 105தான் அந்தச் சிப்புக்கு எல்லைக்கோடு. ஒரு கோர் தொட்டாலும் எல்லோருக்கும் வேகம் குறையும்.

ஃப்ரேம் கணக்கன்:
ஒரு மாற்றுக் கருத்து. குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே எல்லோரும் வாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். 150லிருந்து 175க்குப் போனால் ஃப்ரேம் அதே விகிதத்தில் ஏறாது, உச்சியில் கடைசி வாட்கள் வெப்பமாகத்தான் போகும். ஃபேன் கதறுவது அந்தக் கடைசி வாட்களுக்காகத்தான். கரிச்சான், சிபியுவுக்கு 70 வாட் என்று வரம்பு போட்டு, ஜிபியுவின் வோல்டேஜ் வளைவை (எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற கணக்கை) கொஞ்சம் கீழே இழுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். விளையாட்டில் 24 கோரும் உச்ச வேகத்தில் ஓடத் தேவையே இல்லை.

மின்மினி:
நீங்கள் எல்லோரும் உள்ளே இருப்பதையே தோண்டுகிறீர்கள். கண் முன்னால் இருக்கும் திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ராமையோ எஸ்எஸ்டியையோ பின்னால் மாற்றிவிடலாம். திரை மெஷினோடு பிறந்து மெஷினோடு போவது.

240 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 4.17 மில்லிசெகண்ட். அதற்குள் பிக்சல் நிறம் மாறி முடித்திருக்க வேண்டும். பல ஐபிஎஸ் (ஒரு எல்சிடி வகை) திரைகளில் பிக்சல் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் பின்னால் வால் விடும். ஓலெட்டில் அந்தக் கவலையே இல்லை, ஒரு மில்லிசெகண்டுக்குள் மாறிவிடும். கறுப்பு என்றால் கறுப்பு. மினி எல்இடி (பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் வைத்த எல்சிடி) என்றால் இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்தைச் சுற்றிச் சாம்பல் வளையம் தெரியும், ஆனால் வெளிச்சத்தில் அதை அடிக்க ஆளில்லை.

ஓலெட் வைத்திருப்பவர் சோதிக்க வேண்டியது வேறு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரு மணி நேரம் ஏதாவது படியுங்கள். பல ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக அணைந்து அணைந்து எரியும், பிடபிள்யூஎம் என்பார்கள். எனக்கு அரை மணியில் கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், என் தம்பிக்கு ஒன்றுமே ஆகாது. உங்களுக்கு எப்படி என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்து, கரும்சாம்பல் நிறத்தை முழுத்திரையில் போட்டு, அறையை இருட்டாக்கி, கோடு, திட்டு ஏதும் தெரிகிறதா பாருங்கள். இருட்டுக் காட்சியில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரை சிமிட்டுகிறதா என்றும் பாருங்கள், மாறும் ரீஃப்ரெஷ் ரேட்டில் ஓலெட்டுக்கு அந்த வியாதி உண்டு. டாஸ்க்பாரை மறைத்து வையுங்கள். ஒரே படம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தடம் பதியும்.

4கே வாங்காமல் 2560×1600 எடுத்தது நல்ல முடிவு என்பேன். 40,96,000 பிக்சல். 3840×2400 என்றால் 92,16,000. 16 அங்குலத்தில் அந்த வித்தியாசத்தைக் கண் பார்ப்பதற்கு முன் ஜிபியு பார்த்துவிடும்.

கரிச்சான்:
நன்றி அக்கா. இரண்டு நாள் இரவில் படித்தேன், எனக்கு வலி ஏதும் இல்லை. சாம்பல் சோதனையில் இடப்பக்கம் மிக மெல்லிய ஒரு கோடு, தேடினால்தான் தெரிகிறது. விளையாட்டில் தெரியவில்லை.

மின்மினி:
தேடினால்தான் தெரியும் என்றால் விடுங்கள். இனி தேடாதீர்கள், அது ஒரு நோய். மக்ஸ் ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது? ஹைப்ரிடில் இருந்தால் 5090 வரைந்த ஒவ்வொரு ஃப்ரேமும் சிபியுவில் உள்ள சின்ன கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் திரைக்கு வரும். ஃப்ரேம் கொஞ்சம் குறையும், தாமதம் கூடும். விளையாடும்போது நேரடி நிலை, வெளியே போகும்போது ஹைப்ரிட். மாற்ற மறந்தால் பேட்டரி மத்தியானத்துக்குள் காலி.

பழைய பெட்டி:
பேட்டரி என்றதும் வந்தேன். 99 வாட்-மணி பேட்டரிதானே? விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துப்போக எல்லை 100 வாட்-மணி. அதனால் அதற்கு மேல் யாரும் வைக்க மாட்டார்கள். பேட்டரியில் விளையாடலாம் என்ற நினைப்பு வேண்டாம், அவ்வளவு வாட்டைப் பேட்டரியால் கொடுக்கவே முடியாது. வேகத்தை வெட்டி 80 வாட்டில் ஓட்டினால்கூட ஒரு மணி நேரம் சொச்சம். நீங்கள் அடிக்கடி பயணம் போகிறவர் என்பதால் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று இப்போதே பாருங்கள். அந்தத் தரம் 2021லேயே 240 வாட் வரை வந்துவிட்டது, ஆனால் பல லேப்டாப்கள் 100 வாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் அது போதும். அந்த ஒரு கிலோ சார்ஜர் செங்கலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

ராம் இரண்டு பட்டையா ஒன்றா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்று என்றால் நினைவக அலைவரிசை பாதி. எஸ்எஸ்டி வேகம் நொடிக்கு 7 ஜிபியா 14 ஜிபியா என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், விளையாட்டு திறக்கும் நேரத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்குச் சிலை வைக்கலாம்.

கரிச்சான்:
இரண்டு பட்டை, 16 + 16. யுஎஸ்பி-சியில் 100 வாட் ஏறுகிறது.

கணக்கன் சொன்னபடி சிபியுவை 70 வாட்டில் கட்டி, ஜிபியு வளைவை இறக்கி ஓட்டினேன். வியந்துபோனேன். சராசரி 86, கடைசி ஐந்து நிமிடத்திலும் 85. 1 சதவீத லோ 61. ஃபேன் 47 டெசிபல். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்பார்கள், ஏழு குறைந்ததே பெரிய நிம்மதி. ஆனால் அந்த இரண்டு கோர்கள் இப்போதும் 96, மற்றவை 76.

இப்போது வைத்துக்கொள்ளவா, மாற்றவா? இன்னும் மூன்று நாள்.

ஃப்ரேம் கணக்கன்:
வைத்துக்கொள்ளுங்கள். திரை நன்றாக அமைந்திருக்கிறது, விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது. மாற்றினால் வருவது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாளை திரையில் பெரிய கோட்டோடு ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்?

வெப்பமானி:
நான் மாற்றச் சொல்வேன், தயங்காமல். வரம்பு போட்டு நீங்கள் செய்தது குறையைத் திரை போட்டு மறைத்தது. புதிதாக இருக்கும்போதே 20 டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு வருடம் பையில் நிமிர்த்தி வைத்துத் தூக்கித் திரிந்த பிறகு எத்தனை? அன்றைக்கு 10 நாள் வாய்ப்பும் இருக்காது, "சூடாகத்தான் இருக்கும் சார்" என்பார்கள். இப்போது பதிவுக் கோப்பு கையில் இருக்கிறது, அனுப்புங்கள். 70 வாட் வரம்பைப் புதிய மெஷினிலும் போட்டுக்கொள்ளலாம், அதை யாரும் பிடுங்கப்போவதில்லை.

ஃப்ரேம் கணக்கன்:
தூங்காதவன் மாதிரி அவரே பின்னால் பேட் மாற்றிக்கொள்ளலாமே.

தூங்காதவன்:
வேண்டாம் சாமி. லிக்விட் மெட்டலைத் துடைக்கும்போது ஒரு துளி மதர்போர்டில் உருண்டு ஓடினால் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கை நடுங்கிக்கொண்டே செய்தேன். வாரண்டி முடிந்துபோன மெஷின் என்பதால் துணிந்தேன். இவர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

கரிச்சான்:
அனுப்பிவிட்டேன். கோர் வெப்பப் பதிவை இணைத்து எழுதினேன், மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டார்கள்.

கரிச்சான்:
மாற்று வந்து நான்கு நாள் ஆகிறது. அதே விளையாட்டு, அதே மேசை, அதே அரை மணி. எந்த வரம்பும் போடாமல் ஓட்டியதில் பெரிய கோர்களுக்குள் வித்தியாசம் 8 டிகிரி, உச்சம் 97. ஜிபியு 150க்குக் கீழே ஒரு முறைகூட இறங்கவில்லை. 1 சதவீத லோ கடைசி வரை 64. அப்புறம் கணக்கனின் 70 வாட் வரம்பையும் போட்டுக்கொண்டேன். திரையில் கோடு தெரியவில்லை (தேடவில்லை அக்கா).

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. விளையாட்டின் முதல் மெனுவில் மட்டும் உள்ளிருந்து ஒரு மெல்லிய கீச்சொலி வருகிறது, விளையாட ஆரம்பித்தால் நின்றுவிடுகிறது. இதற்கும் திருப்பி அனுப்பச் சொல்வீர்களா?

தூங்காதவன்:
மெனுவில் ஃப்ரேம் எண்ணிக்கை எவ்வளவு காட்டுகிறது?

கரிச்சான்:
இப்போதுதான் பார்த்தேன். 740.

தூங்காதவன்:
அதுதான். வரைய ஒன்றும் இல்லாததால் வெறிபிடித்து ஓடுகிறது, மின்சுற்றில் உள்ள காயில்கள் அந்த வேகத்துக்கு அதிர்ந்து கீச்சிடுகின்றன. குறை இல்லை. கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் 237 என்று போடுங்கள்.

கரிச்சான்:
போட்டேன். போயே போய்விட்டது.